வாளுக்குக் கடிதம் இருந்தது

வாளைப் பற்றித்தான் நான் எந்நேரமும் பயந்துகொண்டிருந்தேன். சட்டையைப் பற்றி ஒரு நாளும் பயப்படவில்லை. அதுதான் நான் விட்ட பிழை.

வாள் எங்களுக்குக் கிடைத்தது நாட்டைவிட்டுப் போகிற ஒரு வெள்ளைக்காரரிடம். சுப்பர்மார்க்கெட் ஒன்றின் பலகையில் வீட்டுச் சாமான்கள் விற்பனைக்கு என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. குளிர்சாதனப் பெட்டிக்கும் நாய்க்கூண்டுக்கும் கீழே, மத்தியகால வாள் ஒன்று, தலைக்கவசம் ஒன்று, இரண்டும் புதிதாகச் செய்த மாதிரிகள் என்று எழுதியிருந்தார்கள். வாசித்ததும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்றைக்கே கொட்டாஞ்சேனையில் இருக்கும் சிநேகிதனையும் இழுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த காலம். அப்பாவும் அம்மாவும் யாழ்ப்பாணத்தில். என்னை அங்கே வைத்திருக்கப் பயந்து, கொழும்பில் கப்பல் கொம்பனியொன்றில் வேலை செய்த அக்காவிடம் அனுப்பியிருந்தார்கள். வெள்ளவத்தையில் கடல் பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றில் ஒரு அறையும் குசினியும் எங்களுக்கு. வேலை இல்லாத பகல்களை நான் இன்டர்நெட் கஃபேயில் கழித்தேன். மற்றவர்கள் வெளிநாட்டுச் சொந்தங்களோடு கதைத்துக்கொண்டிருக்க, நான் ஐரோப்பாவில் எண்ணூறு வருடங்களுக்கு முந்திய கவசங்களின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உலகத்தின் மற்ற மூலைகளில் என்னைப் போன்றவர்கள் அவற்றைத் திரும்பச் செய்து, உடுத்தி, வயல்வெளிகளில் நின்று மொட்டை வாள்களால் அடிபடுகிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு வேறொன்றும் ஓடவில்லை.

அந்த வெள்ளைக்காரரும் தன்னுடைய ஊரில் அப்படி ஒரு கூட்டத்தில் இருந்தவர்தான். வாளைக் கையில் தந்து, எங்கே பிடித்தால் பாரம் தெரியாது என்று காட்டினார். இரண்டு பக்கமும் விளிம்பு தடிப்பாக மழுங்கியிருந்தது. ஒரு பப்பாசிப்பழத்தைக்கூட வெட்டாது. உறைக்குள் வைத்து மறந்துவிடாதே, தோல் ஈரத்தைக் குடித்து இரும்புக்குக் கொடுக்கும், எண்ணெய் பூசி வெளியே வை என்றார். தலைக்கவசத்தின் நெற்றியில் மூன்று நெளிவுகள். அவை தான் பெற்ற அடிகள் என்று பெருமையாகச் சொன்னார்.

அந்தக் காலத்துக் கொழும்பில் ஒரு தமிழ்ப் பெடியன் வாளோடு பஸ் ஏற முடியாது என்று தெரியாத அளவுக்கு நான் முட்டாள் இல்லை. எங்கள் ரியூஷன் கூட்டத்தில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு பள்ளிக்கூடத்துக் களியாட்ட விழாவில் பத்து நிமிடச் சண்டைக்காட்சி செய்வதாக ஏற்பாடு. அந்தப் பள்ளிக்கூடத்து நாடக ஆசிரியை கெட்டிக்காரி. வாளையும் தலைக்கவசத்தையும் தன்னுடைய நாடக அறையில் பூட்டிவைத்தார். ஆங்கிலத்திலும் சிங்களத்திலும், முத்திரையோடு ஒரு கடிதம் எழுதிப் பொலிஸிலும் ஒரு பிரதி கொடுத்தார். வாள் வெளியே போவதென்றால் பள்ளிக்கூட வான் வண்டியில், கடிதத்தோடு, ஆசிரியையோடு. நான் வாரம் ஒரு முறை போய் அதைத் துடைத்து எண்ணெய் பூசிவிட்டு வருவேன். அந்தக் கடிதத்தின் போட்டோப்பிரதியொன்றை எட்டாக மடித்துப் பேர்சில் வைத்திருந்தேன். அது பேர்சில் இருக்கும்வரை எனக்கு ஒன்றும் நடக்காது என்று நம்பினேன்.

சட்டையை நானே செய்தேன்.

இரும்பு வளையங்களைக் கோத்துச் செய்கிற சட்டை. ஒவ்வொரு வளையமும் வேறு நான்கு வளையங்களைப் பிடித்துக்கொண்டிருக்கும். புறக்கோட்டையில் ஜீ.ஐ. கம்பி வாங்கப் போனபோது கடைக்காரர் கோழிக்கூடு அடிக்கவா என்று கேட்டார், ஓம் என்றேன். திரைச்சீலைக் கம்பியில் அதைச் சுருளாகச் சுற்றி, சுருளை நெடுக வெட்டினால் வளையங்கள் உதிரும். குறட்டால் ஒன்றைத் திறந்து, நான்கைக் கோத்து, மூட வேண்டும். பத்தாயிரத்துக்குப் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். ஏழு மாதம். அக்கா இரவில் படம் பார்க்கும்போது அந்தக் கிறுக் கிறுக் சத்தம் தன் பல்லுக்குள் கேட்பதாகச் சொல்லுவாள். "இதுக்கு நீ ஒரு பெட்டையைக் காதலிச்சிருக்கலாம், செலவும் குறைவு, சத்தமும் குறைவு" என்பாள்.

செய்வதைவிடப் பராமரிப்பதுதான் பெரும்பாடு. வெள்ளவத்தைக் கடற்காற்று இரண்டு நாளில் வேலையைக் காட்டிவிடும். கம்பிக்கு மேலே பூச்சு இருந்தாலும் வெட்டிய முனைகள் வெறும் இரும்பு. காலையில் எழும்பிப் பார்த்தால் ஒவ்வொரு வளையத்திலும் ஒரு செம்மஞ்சள் புள்ளி. மணலோடு சேர்த்துச் சாக்கில் கட்டி உருட்டினால் துரு போகும் என்று வாசித்தேன். ஓடிப்போய்க் கடற்கரை மணலை அள்ளிவந்து உருட்டினேன். அதிலிருந்த உப்பு மிச்சத்தையும் தின்றது. பிறகு பக்கத்தில் எழும்பிக்கொண்டிருந்த தொடர்மாடிக் கட்டடத்தில் ஆற்று மணல் கேட்டு வாங்கினேன். தேங்காய் எண்ணெய் பூசினேன். பிசுபிசுத்து எறும்பு வந்தது. கடைசியில் தையல் மிசினுக்கு விடுகிற எண்ணெய்தான் சரிவந்தது. மெல்லிசாகப் பிடிக்கும், நாற்றமும் அதிகம் இல்லை.

இடையில் இரண்டு முறை எங்கள் ஒழுங்கையைச் சுற்றி வளைத்து வீடு வீடாகச் சோதித்தார்கள். இரண்டு முறையும் சட்டை துண்டு துண்டாக பிஸ்கட் தகரத்துக்குள் கிடந்தது. ஒரு சிப்பாய் தகரத்தைக் குலுக்கிப் பார்த்துவிட்டு மூடிவைத்தான். அதோடு இதில் ஒன்றும் இல்லை என்று எனக்குள் ஒரு முடிவு விழுந்துவிட்டது. வாள் குத்துவதற்கான பொருள். அதற்குக் கடிதம் வேண்டும். சட்டை குத்து வாங்குவதற்கான பொருள். அதற்கு எதற்குக் கடிதம்?

விழாவுக்கு முந்தின சனிக்கிழமை கொட்டாஞ்சேனையில் ஒத்திகை. சிநேகிதனின் வீட்டு மேல்மாடியில் மூங்கில் தடிகளால் பழகிக்கொண்டிருந்தோம். அன்றைக்கு முதன்முதலாகச் சட்டையோடு பழகுவதாகப் பேச்சு. சட்டை பதினொரு கிலோ. பையில் போட்டுத் தூக்கினால் கைப்பிடி அறும், பஸ்ஸில் எல்லாரும் பையையே பார்ப்பார்கள், ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் திறந்து காட்ட வேண்டும். ஆனால் அதை உடுத்தி இடுப்பில் ஒரு பட்டியை இறுக்கிக் கட்டிவிட்டால் பாரம் தோளுக்கும் இடுப்புக்குமாகப் பிரிந்துவிடும். இந்தச் சட்டையைச் சுமக்க மிக இலகுவான வழி அதை உடுத்துவதுதான். கவசக்காரர் எல்லாரும் எழுதிவைத்திருக்கும் விஷயம் இது. பை இல்லாவிட்டால் சோதனையும் இல்லை என்று நினைத்தேன். என்னுடைய கெட்டித்தனத்தை நானே மெச்சினேன். உள்ளே பனியன், அதற்கு மேல் சட்டை, அதற்கு மேல் அப்பாவின் தொளதொள நீளக்கைச் சேட்.

அக்காவுக்குக் கோட்டையிலிருந்த அலுவலகத்தில் அரைநாள் வேலை. ஒரே பஸ். புறப்படும்போது, என்னடா அப்பாவின் சேட் என்று கேட்டாள். ஒத்திகைக்கு என்றேன். அது பொய் இல்லை.

பம்பலப்பிட்டி வரைக்கும் எனக்கு ஒரே புளுகம், சந்தோஷம் தாங்கவில்லை. பஸ் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் வளையங்கள் என் மேல் மெல்லச் சரிந்து திரும்ப ஒழுங்காகின. எவ்வளவு நேரம் தாங்குகிறேன் என்று மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அக்கா யன்னல் பக்கம். நாங்கள் பஸ்ஸில் தமிழில் அதிகம் கதைப்பதில்லை. அந்த வாரம் குண்டுப் பயத்தில் நகரமே ஒருவரை ஒருவர் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்ததால் ஒன்றுமே கதைக்கவில்லை.

பஸ் நின்றது. நகர்ந்தது. திரும்ப நின்றது. முன்னால் பஸ்கள் வரிசையாக நிற்பது தெரிந்தது. நேற்றுவரை அந்த இடத்தில் சாவடி இருந்ததில்லை. கொண்டக்டர் பின்னால் வந்து, "ஒக்கொம பஹின்ன" என்றார். எல்லாரும் இறங்க வேண்டும், அடையாள அட்டையைக் கையில் எடுக்க வேண்டும்.

நான் எழும்பி எட்டிப் பார்த்தேன். முன் பஸ்ஸில் இறங்கிய ஆண்கள் கைகளை விரித்துக்கொண்டு நின்றார்கள். ஒரு பொலிஸ்காரர் ஒவ்வொருவராக அக்குளில் தொடங்கி இடுப்புவரை தடவிக்கொண்டு வந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதுவரை கவசத்தையே நினைத்த மண்டை, ஒரு விநாடியில் வேறு மண்டையாகியது. அவருடைய கை என்னில் முதலில் எங்கே படும்? இரும்பில் படும். பெரிய சேட்டுக்குள்ளே, கழுத்திலிருந்து தொடைவரை பதினொரு கிலோ இரும்பைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிற ஒரு தமிழ்ப் பெடியன். குண்டு அங்கி என்று நினைத்து, அவர் கையை எடுத்துவிட்டுப் பின்னால் பாய்வார். கத்துவார். மற்றவர்கள் துவக்கைத் தூக்குவார்கள். நான் எண்ணூறு வருடத்துக்கு முந்திய கதையை யாருக்கும் சொல்லப்போவதில்லை. சொல்ல விடமாட்டார்கள். என் பேர்சில் இருந்த கடிதத்தில் வாள் ஒன்று என்று இருந்தது. சட்டை ஒன்று என்று இல்லை.

"அக்கா" என்றேன். "நான் அதைப் போட்டுக்கொண்டு வந்திட்டன்."

"எதை?"

"கம்பிச் சட்டையை."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கைப்பையின் சிப்பை மூடினாள், திறந்தாள், திரும்ப மூடினாள். நான் தங்கியிருப்பதற்குப் பொலிஸில் கொடுத்த பதிவுத் தாளில் பொறுப்பாளர் என்று கையெழுத்து வைத்தவள் அவள். எனக்கு நடப்பது அவளுக்கும் நடக்கும்.

"கையைத் தூக்காதை" என்றாள், மூச்சுக்குள். "என்னோடை இறங்கு. ஓடாதை. சிரி."

வரிசைக்குப் போகாமல் ஓரத்து நடைபாதையில் ஏறினோம். பத்தடி தள்ளிக் காவலரணில் ஒரு சிப்பாய் நின்றான். அக்கா நல்ல சிங்களத்தில், அவனுக்குக் கேட்கிற மாதிரி, கலியாண வீட்டுக்கு இந்தச் சேட்டோடா வரப்போகிறாய், நேரம் இருக்கும்போதே ஒன்று எடுத்துவிடு என்று என்னை ஏசிக்கொண்டு நடந்தாள். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எப்படி இருந்திருக்கும் என்று இன்றைக்கும் நினைக்க விருப்பமில்லை. முச்சக்கர வண்டி பிடித்துத் திரும்பிப்போவமா என்று முணுமுணுத்தேன். அதைத்தான் முதலில் மறிப்பார்கள் என்றாள். நடந்து போவதென்றால் வெள்ளவத்தை வரைக்கும் சந்திக்குச் சந்தி காவல். எங்கேயாவது கழற்றிப் போட்டுவிட்டுப் போகவும் முடியாது. கேட்பாரற்றுக் கிடக்கும் ஒரு பொதிக்கே தெருவை மூடிவிடுகிற காலம்.

துணிக்கடையும் தையல்கடையுமாக ஒரு ஒடுங்கின கடை. உள்ளே ஒரு முஸ்லிம் நானா, கழுத்தில் அளவு நாடா, வெட்டுமேசையில் துணி விரித்து சோக்கால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். வேறு ஒருவரும் இல்லை. அக்கா கையில் பட்ட ஒரு சேட்டை எடுத்து என்னிடம் திணித்தாள். போட்டுப் பார்க்கிற அறை மூலையில் ஒரு திரைக்குப் பின்னால்.

வளையச் சட்டையை மற்றச் சட்டை மாதிரிக் கழற்ற முடியாது. இடுப்புவரை குனிந்து, தலையைக் கீழே தொங்கவிட்டு, கைகளை நீட்டி, உடம்பைக் குலுக்க வேண்டும். அது முதுகில் மெல்ல நகரும். பிறகு ஒரேயடியாகத் தலைக்கு மேலால் கொட்டும். பிடிக்க முடியாது. சரளைக்கல் வண்டி கவிழ்ந்தது போல அது சீமெந்துத் தரையில் விழுந்தது.

திரை விலகியது.

நானா என்னைப் பார்க்கவில்லை. தரையைத்தான் பார்த்தார். கை போன்றதும் கழுத்து போன்றதும் தெரிய, சுருண்டு கிடந்தது அது.

"இது என்ன மகன்?" என்றார். குரல் எழும்பவில்லை. "என்னத்தக் கட்டிக்கொண்டு என்ட கடைக்கி வந்தீக்கிறீங்க?"

அக்கா எனக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்று, தம்பி நாடகத்துக்குச் செய்த சட்டை என்றும், மடையன் போட்டுக்கொண்டு வந்துவிட்டான் என்றும், வெளியே சோதனை என்றும் ஒரே மூச்சில் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே வாசல் பக்கம் போய் வெளியே பார்த்தார். சட்டரை இழுக்கக் கையை வைத்துவிட்டு எடுத்தார். பட்டப்பகலில் கடையை மூடினால் அதுவே போதும். சேட் பொக்கற்றிலிருந்து போனை எடுத்தார்.

"நான் ஒரு கோல் எடுத்தா எனக்குப் பிரச்சின இல்ல மகள். எடுக்காம உட்டு, நாளைக்கி நீங்க புடிபட்டா? எங்க கழட்டின எண்டு கேப்பாங்க. இந்தக் கடையத்தான் செல்லுவீங்க. எனக்கு மூணு புள்ளகள் ஈக்கி."

"எடுங்கோ நானா" என்றாள் அக்கா. "நாங்கள் ஓடமாட்டம். பொலிஸ் வருமட்டும் இஞ்சையே இருக்கிறம். இவன் செய்த வேலைக்கு நீங்கள் ஏன் போகவேணும்?"

அவள் அதைத் தந்திரத்துக்குச் சொல்லவில்லை. அது எனக்குத் தெரிந்தது, அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். போனைக் கையில் வைத்தபடி நின்றார். பிறகு திரைக்குள் வந்து குந்தி, விரல் நுனியால் சட்டையின் ஒரு ஓரத்தைத் தூக்கினார். பாரத்தில் கை இறங்கியது. துணியைப் பார்க்கிற மாதிரியே பார்த்தார்: ஓரம், மடிப்பு, இழை எந்தப் பக்கம் ஓடுகிறது.

"இது தச்சதா, நெய்ஞ்சதா?"

"கோத்தது" என்றேன். கேட்டதுதான் தாமதம், எனக்கு வாய் திறந்துவிட்டது. ஒரு வளையத்துக்கு நான்கு, நெஞ்சும் முதுகும் கைகளும் தனித்தனியாகச் செய்து பிறகு பொருத்தினது, முனைகள் ஒட்டவில்லை, அழுத்தி மூடினது மட்டும்தான் என்று அடுக்கிக்கொண்டு போனேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் நிறுத்தினேன்.

"மூடினது எண்டா தொறக்க ஏலுமா?"

"ஏலும்."

"அப்ப தையலப் பிரிக்கிற மாதிரிப் பிரிங்க. தோள், ரெண்டு பக்கம், கை. பிரிச்சா அது சட்டை இல்ல. துண்டு." போனைப் பொக்கற்றில் போட்டார். "துண்டப் பாத்து ஒத்தனும் பயப்படமாட்டான். சட்டையப் பாத்தாத்தான் பயப்படுவான்."

தகரத்துக்குள் துண்டாகக் கிடந்தபோது சிப்பாய் ஏன் பேசாமல் மூடிவைத்தான் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. விளங்கியும் கை போகவில்லை. தோள் பொருத்துதான் நான் கடைசியாகச் செய்தது. அது வளைவில் சரியாக உட்கார மூன்று வாரம் எடுத்தது.

"ஏழு மாசம், அக்கா" என்றேன்.

"உனக்குப் பத்தொன்பது வருசம். எது பெரிசு எண்டு நீயே சொல்லு."

மிசின் திருத்துகிற பெட்டியிலிருந்து நானா ஒரு குறடு தந்தார். ஒரு வளையத்தைத் திறக்க இரண்டு குறடு வேண்டும். மற்றக் கைக்கு ஒரு ஸ்குரூ டிரைவர். வெட்டுமேசையில், அவர் வெட்டிக்கொண்டிருந்த துணிக்குப் பக்கத்தில், சட்டையை விரித்துவிட்டுத் தொடங்கினேன். இடது தோள். ஒவ்வொரு வளையமாக முறுக்கித் திறந்து உருவ, அக்கா அதைப் பொத்தான் தகரத்தில் போட்டாள். வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. நகக்கண்ணில் இரத்தம் வந்தது. நானா வாசலோடு கதிரையைப் போட்டு, மடியில் ஒரு பிளவுசை வைத்து கொக்கி தைத்தார். அவர் ஒரே துளையில் திரும்பத் திரும்ப ஊசியை விட்டுக்கொண்டிருந்ததைக் கண்டேன்.

ஒரு சிங்களப் பெண் திரைச்சீலைத் துணி கேட்டு வந்தாள். அக்கா எழும்பிப்போய், ஏதோ பத்து வருடம் அந்தக் கடையில் நின்றவள் மாதிரி, சுருளை இறக்கி அளந்து காட்டினாள். அந்தப் பெண்ணுக்கு நிறம் பிடிக்கவில்லை. போய்விட்டாள். கைகள் இரண்டும் பிரிந்தன. வலப்பக்கம் பிரிந்தது. நெஞ்சும் முதுகும் தட்டையாக விழுந்தன. இடப்பக்கத்தில் ஒரு சாண் மிச்சம் இருக்கும்போது வாசலில் சப்பாத்துச் சத்தம்.

இரண்டு பொலிஸ்காரர். ஒருவர் வெளியே நின்றார். மற்றவர் உள்ளே வந்தார். சாவடியில் ஆண்களைத் தடவிக்கொண்டிருந்தவர்தான். பஸ்ஸிலிருந்து இறங்கிய இரண்டு பேர் வரிசைக்கு வரவில்லை என்று சிப்பாய் சொன்னானாம். அட்டைகளை வாங்கினார். பிறந்த இடத்தை வாசித்தார். பொலிஸ் பதிவைக் கேட்டார், அக்கா கொடுத்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கைகளை விரிக்கச் சொன்னார்.

விரித்தேன்.

அவருடைய கை அக்குளில் பட்டது. விலாவில் இறங்கியது. ஒவ்வொரு விலா எலும்பையும் அவர் எண்ணுகிற மாதிரி இருந்தது. இடுப்பில் நின்றது. அங்கே நனைந்த சேட்டும் நானும் தவிர வேறொன்றும் இல்லை. ஒரு மணித்தியாலத்துக்கு முன் அதே கை அதே இடத்தில் பட்டிருந்தால்? தன் விரல்களைப் பார்த்தார். கருப்பாக ஏதோ பிசுக்கு.

"மே மொகத?" இது என்ன என்று கேட்டார்.

எண்ணெய் என்றேன். எனக்குச் சிங்களத்தில் அந்த ஒரு சொல்தான் அப்போது வந்தது. விரலை மூக்கருகே கொண்டுபோனார். மிசின்களைப் பார்த்தார். அந்தக் கடை முழுவதும் அந்த மணம்தான். கையை ஒரு துணித்துண்டில் துடைத்துவிட்டு மேசைக்கு வந்தார். நெஞ்சுத் துண்டைத் தூக்கிப் பிடித்தார். வளையங்களுக்கு ஊடாக அவருடைய முகம் தெரிந்தது. நாடகத்துக்கு என்றேன். கையில் வைத்து எடை பார்த்தார், திருப்பினார், குலுக்கினார். பிறகு என்னை விட்டுவிட்டு நானாவிடம் திரும்பினார்.

"மே தென்னாவ தன்னவத?" இந்த இரண்டு பேரையும் உனக்குத் தெரியுமா?

மூன்று பிள்ளைகள் இருக்கிற ஒரு மனிதனிடம் கேட்கக்கூடாத கேள்வி அது. தெரியாது என்று சொல்லியிருந்தால் அது உண்மை. ஒருவரும் அவரைக் குறை சொல்லியிருக்க முடியாது. நானும் சொல்லியிருக்க மாட்டேன். அவர் ஊசியைப் பிளவுசில் குத்திவைத்தார்.

"தன்னவா சேர்" என்றார். தெரியும். "மகே கடேட்ட எனவா." என் கடைக்கு வருகிறவர்கள்.

பொலிஸ்காரர் துண்டை மேசையில் வைத்தார். அட்டைகளைத் திருப்பித் தந்தார். இனி இறங்கச் சொன்னால் வரிசைக்கு வரவேண்டும் என்று அக்காவுக்கு விரல் நீட்டிச் சொன்னார். போய்விட்டார்கள்.

நானா எழும்பிப்போய்த் தண்ணீர் குடித்தார். எங்களுக்கும் தந்தார். மிச்சமிருந்த ஒரு சாணை நான் பிரிக்க, அவர் துண்டுகளைச் சுருட்டி, மண்ணிறத் தாளில் சுற்றி, இரண்டு பையில் போட்டார். பொத்தான் தகரத்தில் கிடந்த வளையங்களையும் ஒன்றுவிடாமல் ஒரு கடதாசிச் சுருளில் கொட்டித் தந்தார். அக்கா ஏதோ சொல்லத் தொடங்க, கையைக் காட்டி மறித்தார்.

"நன்றி எல்லாம் செல்ல வாணாம் மகள். இதக் கொண்டு போங்க. இனி இந்தப் பக்கம் வராதீங்க ரெண்டு பேரும். கோவத்தில செல்லல்ல. எனக்குப் பயம்."

நாங்கள் நேரே சாவடிக்குப் போனோம். அக்கா ஒரு பை, நான் ஒரு பை. அதே பொலிஸ்காரர். தாளைப் பிரித்தார், பார்த்தார், போகச் சொன்னார். ரோட்டைக் கடந்து வெள்ளவத்தைப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினோம். அக்கா வேலைக்குப் போகவில்லை. கொட்டாஞ்சேனையில் என் சிநேகிதன் மதியம்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எனக்கு ஏதோ நடந்துவிட்டது என்று நினைத்து, போன் எடுக்கவும் பயந்து இருந்தானாம். வீட்டுக்கு வந்து சேட்டைக் கழற்றிப் பார்த்தேன். பனியன் முழுக்க வளையம் வளையமாகக் கருப்பு. அது போகவே இல்லை.

விழாவுக்கு நெஞ்சுத் துண்டையும் முதுகுத் துண்டையும் நாடாவால் கட்டிக்கொண்டு சண்டை பிடித்தேன். ஆசிரியை புதிதாக ஒரு கடிதம் எழுதினார். தலைக்கவசம், வாள், கையுறை, வளையத் துண்டு நான்கு என்று ஒவ்வொன்றாக எண்ணிப் போட்டார். எல்லாம் வானில் போய் வானில் வந்தன. சட்டையை நான் திரும்பப் பொருத்தவில்லை. துண்டுகள் நாடக அறையிலேயே தங்கிவிட்டன. எண்ணெய் பூசப் போகும்போது தோள் பொருத்து இருந்த ஓரத்தைத் தொடாமல் பூசுவேன்.

அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை காலை, கஃபேக்குப் போக வாசலில் செருப்பைப் போட்டேன். அக்கா குசினியிலிருந்து ஈரக் கையோடு வந்து, நில் என்றாள். என்ன என்று கேட்டேன். கையை முந்தானையில் துடைத்துவிட்டு, என் அக்குளில் வைத்தாள். விலா வழியாக இடுப்புவரை இறக்கினாள். பிறகு மற்றப் பக்கம். பிறகு முதுகு. எனக்குக் கூச்சமாக இருந்தது. பகிடி விடுவமா என்று பார்த்தேன். அவளுடைய முகத்தைக் கண்டு விடவில்லை. கைகளை விரித்துக்கொண்டு நின்றேன்.

செவ்வாய்க்கிழமையும் செய்தாள். புதன்கிழமையும் செய்தாள். பரீட்சை முடிவு வந்து, நான் பல்கலைக்கழக வளாகத்துக்குப் போகத் தொடங்கி, அந்த அறையைவிட்டு நாங்கள் தெஹிவளைக்கு மாறின பிறகும் செய்தாள். அவசரம் என்று நான் படியிறங்கினால் பின்னால் வந்து கேற்றடியில் மறிப்பாள். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துச் சிரித்தார்கள். நான் ஒரு நாளும் அவளுடைய கையைத் தட்டிவிடவில்லை. அவசரம் இல்லாமல் தடவுவாள், இடுப்பில் ஒரு கணம் நிறுத்துவாள், அங்கே நான் மட்டும்தான் இருக்கிறேன் என்று தெரிந்த பிறகு தோளில் ஒரு தட்டு.

"சரி. போ."